நாடு திரும்பிய பிரபு

பெரியப்பா தோர்ண்டன் ஹீத்தில் எங்களோடு இருந்தது ஒரேயொரு குளிர்காலம்தான். அப்பாவின் அண்ணரான அவர் யாழ்ப்பாணத்தில் பேர்போன சட்டத்தரணி. சண்டைக்குத் தப்பி லண்டன் வந்தவர், இங்கே பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றில் வேலை பார்த்தார். பெரியம்மா வரவில்லை. படுக்கையில் கிடந்த தன் தாயை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஷிப்ட். வீட்டில் ஹீட்டர் பழுது. எட்டு வயதான என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலையில் விழுந்த பெரியப்பா, காசில்லாமல் குளிர்காயக்கூடிய இடம் என்று ஓர் ஓவியக்கூடத்துக்கு என்னை ரயிலில் கூட்டிப்போனார்.

அவர் ஓவியங்களைத் தேடவில்லை, ஹீட்டர்களைத்தான் தேடினார். அப்படி ஒன்றின் அருகே நின்றபோதுதான் அந்தப் பிரபு எங்கள் கண்ணில் பட்டார். ஆளுயர எண்ணெய் ஓவியம். கறுப்புப் பட்டு அங்கி, கன்னம் தொங்கிய பருத்த முகம், பக்கத்து மேசையில் அரச முத்திரை வைக்கும் பூவேலைப் பை.

"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். கீழ என்ன எழுதியிருக்கெண்டு வாசி, பிள்ளை."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். முந்நூறு வருடங்களுக்கு முந்திய மனிதர். சட்டம் படித்து, அரசனுக்கு முதலமைச்சர் போல இருந்தவர். அரசன் கைவிட்டதும் பிரான்ஸுக்கு ஓடினார். திரும்பி வரவிடும்படி எத்தனையோ தரம் கேட்டும் விடவில்லை. அங்கேயே இறந்தார். உடலைக் கொண்டுவந்து லண்டனில் புதைத்தார்கள்.

"செத்தாப் பிறகுதான் விட்டவங்களோ?"

"ஓம், பெரியப்பா."

"அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா வாசி."

அவருக்குக் கேட்கவில்லையென்று நினைத்து உரத்து வாசித்தேன். மூலையிலிருந்த காவலாளி திரும்பிப் பார்த்தார். பெரியப்பா பிரபுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டு, "வா, போவம்" என்றார்.

அன்று பின்னேரமே, தான் ஊருக்குப் போவதாக அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவுக்குக் கோபம். "சண்டையால யாழ்ப்பாணத்துக்குப் போற பாதை பூட்டிக் கிடக்கு, அண்ணை. அங்கால போகவும் ஏலாது, பிறகு இஞ்ச வரவும் ஏலாது."

"திறக்கும். திறக்கேக்க நான் கிட்டத்தில நிக்கவேணும்."

அவரால் கொழும்பு வரைக்கும்தான் போக முடிந்தது. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து, பாதை திறக்கும் திறக்கும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தார். அது திறந்தபோது பெரியம்மா உயிரோடு இல்லை.

அந்த வருடங்களில் அவர் இடைக்கிடை போன் எடுப்பார். எனக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒன்றுதான். பெரியப்பா வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும், "பெரியம்மாவிட்ட ஒருக்காக் குடுங்கோ" என்பேன்.

"அவ கோயிலுக்குப் போட்டா, பிள்ளை" என்பார்.

பெரியம்மா மிகவும் பக்தியான மனுஷி என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.