கம்பவுண்டர் அண்ணாச்சியின் நண்டு

நம் தெருவாசிகளுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், இனி மழை பெய்தால் எந்த வீட்டு மொட்டை மாடியிலும் பீங்கான் கோப்பை வைக்கப்பட மாட்டாது. அதில் தண்ணீர் குடித்துப் பழகிய காக்கைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்.

கோப்பை வைத்தவரான சூசை கம்பவுண்டர் போய்விட்டார். கோயிலில் துக்க மணி அடித்தபோது நான் சலூனில் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தேன். செய்தி கொண்டுவந்தவரிடம், "நீங்க பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, அது அண்ணாச்சி எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்று.

அவரைப்போல ஒரு சந்தேகப் பிராணியை இந்தக் கடற்கரை கண்டதில்லை. மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினால், மறுபக்கச் செவுளையும் காட்டச் சொல்வார். பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தி, சாமியார் விழித்திருக்கிறாரா என்று பார்ப்பாராம். நம் கிணறுகள் உவர்ப்பு என்பதால், முதல் மழையை வீணாக விட்டு அடுத்த மழையைத் தொட்டியில் பிடித்துப் பருப்பு வேகவைக்கிறோம். அவரோ மூன்றாவது மழையையும் நம்பமாட்டார். கோப்பையில் விழுந்த தண்ணீரில் நீல லிட்மஸ் தாளை நனைப்பார். அது லேசாகச் சிவந்தால் போதும், புதுத் துறைமுகத்துக் கப்பல் புகையை முறைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார்.

"மழை புளிக்குதுன்னா நல்லதுதான அண்ணாச்சி, ரசத்துக்குப் புளி மிச்சம்" என்றேன் ஒருமுறை.

"ஏலே, வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு பேசுறது உன் சோலி. மழை புளிச்சதான்னு பாக்கது என் சோலி" என்றார்.

இந்தப் பித்து அவருக்கு ஏன் பிடித்தது என்பது பலருக்குத் தெரியாது. வாலிப வயதில் அவர் ஒரு மலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். பக்கத்தில் கந்தகம் எரிக்கும் சூளை ஒன்று இருந்தது. அதன் புகை மழையோடு இறங்கி, காட்டு மண்ணிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோனது. சுண்ணாம்பு இல்லாமல் நண்டுக்கு ஓடு ஏது? ஆஸ்பத்திரிக்குக் கீழே ஓடிய ஓடையில் நண்டு அற்றுப்போனது. விழுந்த இலையைத் தின்னப் புழு பூச்சியும் இல்லை. இலை மக்கினால்தான் அதிலுள்ள தழைச்சத்து மண்ணுக்குப் போய் மறுபடி மரத்துக்கு ஏறும். அந்தச் சுற்று அறுந்துவிட்டது என்பார். அவர் விடாமல் மனுப் போட்டுச் சூளையை மூடவைத்தார். அதில் வேலை பார்த்த குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கின.

"அந்தப் பிள்ளைக மொகம் இன்னும் எனக்கு மறக்கலலே. ஓடைக்கு உசிரு திரும்பலைன்னா, நான் எதுக்குலே அதுக வயித்துல அடிச்சேன்?" இதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் சந்தேகம் இல்லை. பயம் இருந்தது.

சென்ற வருடம் அவர் மலைக்குப் போனபோது துணைக்கு என்னைக் கூப்பிட்டார். தெருவில் இத்தனை பேர் இருக்க என்னை! முழங்கால் வலியால் அவர் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட, நான்தான் ஓடைக்குப் போனேன். கல்லைப் புரட்டி நண்டு இருக்கிறதா என்று பார்த்து வரவேண்டும். போனேன், வந்தேன்.

"கண்டேன் அண்ணாச்சி. ஒண்ணுக்கு ரெண்டா."

"எம்புட்டு பெருசு?"

"உள்ளங்கை அகலம்."

"பின்னங்கால் எப்படி இருந்துச்சு?"

"துடுப்பு கணக்கா. ஒரே வீச்சுல நீந்திப் போயிட்டு."

அவர் என்னையே சற்றுநேரம் பார்த்தார். "சரிலே. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அடிவாரத்தில் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசிக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

அதன்பின் நம் தெருவில் நான் எப்படி நடந்தேன் என்பது உங்களுக்கே தெரியும். செத்த ஓடைக்கு உயிர் வந்ததைக் கண்ணால் கண்டவன் நான் ஒருவன்தான் என்று, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னேன். அடக்கப் பூசையில் சாமியாரும் அதையே பிரசங்கமாக்கி, சூசை மனநிறைவோடு கண்மூடினார் என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நானும் தலையைச் சற்று நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன்.

போன வாரம் சாயர்புரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குளத்தடி வயல் வரப்பில் ஒரு நண்டு குறுக்கே போனது. குனிந்து பார்த்தேன். கால் அத்தனையும் ஊசி. நன்னீர் நண்டுக்குத் துடுப்பே கிடையாதாம்; அது நடக்கும், நம் கடல் நண்டு மாதிரி வீசி நீந்தாது. பெரியம்மா சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலையில் வரும் நண்டை மட்டுமே பார்த்து வளர்ந்தவன், மலை ஓடையில் கொண்டுபோய்க் கடல் நண்டை விட்டிருக்கிறேன். அவரும் நம் கரைக்காரர்தான். ஆனால் மலையில் வாழ்ந்தவர், ஓடை நண்டின் கால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். சாவதற்குச் சில நாள் முன்பு அண்ணாச்சி வந்து, மழை விட்டதும் தனியாக மலைக்குப் போகவேண்டும், கம்பளி இருந்தால் கொடு என்று கேட்டாராம். இந்த முழங்காலோடு எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "நாமளே பாத்தாத்தான் மனசு ஆறும்மா" என்றாராம். என் பேரை இழுக்கவேயில்லை.

ஆகவே சாமியார் சொன்ன மனநிறைவை நான் சந்தேகிக்கிறேன். அவர் கேள்வியோடுதான் போயிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, தெருவில் ஒருவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த "சரிலே" ஒன்றுதான்.

முழுப்பரீட்சை முடிந்ததும் மலைக்குப் போகிறேன். அவரை அறிந்தவர்களில் யாராவது ஒருவர் கூட வந்தால் நல்லது, இந்த முறையும் என் சொல்லை மட்டும் நம்பவேண்டியிருக்காது. அந்த ஓடையில் நண்டு உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அன்று நான் கரைப் பாறையை விட்டு இறங்கவே இல்லை. அட்டைப்பூச்சி என்றால் எனக்குப் பயம்.