யானைக்குக் கழித்த நேரம்

"போட்டியாளரின் பிழை எதுவுமின்றிப் பாதை மறிபடுமிடத்து, மறிபட்ட நேரம் நடுவரால் குறிக்கப்பட்டு, அப்போட்டியாளரின் மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படல் வேண்டும்."

மாங்குளத்தில் தொடங்கி, உடையார்கட்டில் திரும்பி, மாங்குளத்திலேயே முடிந்த ஒரு சைக்கிளோட்டத்தின் பதினோராம் விதி இது. இதில் தெளிவில்லாத சொல் ஒன்றேனும் உண்டா என்று எவரும் தேடிப் பார்க்கலாம். நான் பல வருடங்கள் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காததில் வியப்பும் இல்லை; விதியை எழுதியவனே நான்தான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் சண்டை சில மாதங்கள் ஓய்ந்திருந்தது. ஆனையிறவுப் பக்கமிருந்து சத்தம் வராத காலைகள் எங்களுக்குப் புதிதாயிருந்தன. அந்தத் துணிவில் விளையாட்டுக் கழகங்கள் சில சேர்ந்து ஒரு நெடுந்தூரப் போட்டி வைக்க முடிவு செய்தன. அரச அலுவலகமொன்றில் பிரதம எழுதுவினைஞராக இருந்த என்னிடம் விதிகளை எழுதித் தரும்படி கேட்டார்கள். பதினான்கு விதிகள் எழுதிக் கொடுத்தேன். தட்டச்சில் வந்த பிரதியைச் சரிபார்க்கும்போதுதான் வயதெல்லை பற்றி எந்த விதியும் இல்லை என்பதைக் கண்டேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. விதிக் குழுவிலிருந்து எழுத்தில் விலகிவிட்டு, போட்டியாளராகப் பெயர் கொடுத்தேன். விதி எழுதியவரே போட்டியிடுவது முறையல்ல என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் யாரும் கேட்காத கேள்விக்கும் மறுமொழி வைத்திருப்பதுதான் அலுவலகப் பழக்கம்.

என்னுடைய சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிவாரண வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது எனக்குத் தந்துவிட்டுப் போன மலைச் சைக்கிள் அது. குளக்கட்டைவிட உயரமான மேடு கண்ணில் படாத இடத்தில் மலைச் சைக்கிள். வந்தபோது கியர்கள் இருந்தன. முதல் மழைக்காலத்தில் கியர் மாற்றும் கம்பி அறுந்தது. இரண்டாவதில் மாற்றும் பாகமே வளைந்தது. உதிரிப்பாகம் வவுனியா தாண்டி வரவேண்டும். சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாய்ப் பெடியனுக்கு இது சைக்கிளின் பாகம், வெடிகுண்டின் பாகமல்ல என்று விளங்கப்படுத்த எனக்குச் சிங்களமும் போதாது, பொறுமையும் போதாது. மாங்குளம் சந்திச் சைக்கிள் கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றி, செயினை வெட்டிக் குறுக்கி, பின்னால் ஒரே ஒரு பற்சில்லை மட்டும் விட்டுத் தந்தார். அதன்பிறகு சமதரையில் கால் வெறுமனே சுற்றியது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தாலும் நெஞ்சு வாய்க்கு வந்தது. ஆனால் ரயர் அகலம். மற்றவர்களின் சில்லுகள் புதைகிற மணலில் அது மிதந்தது. மற்றவர்களின் ரியூப் வெடிக்கிற குழிகளில் அது விழுந்தெழும்பியது.

புறப்படும் இடத்தில் நடுவர் என்னை மறித்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் அவர். மோட்டார் சைக்கிளில் எங்களோடு கூட வந்து பாதையைப் பார்ப்பதும், முடிவில் நேரம் கணிப்பதும் அவரே.

"ஐயா, கியர் சைக்கிள் சேர்க்கேலாது. உங்கடை விதிதான்."

"எண்ணிப் பாருங்கோ, மாஸ்ரர். எத்தினை பல்லுச்சில்லு?"

குனிந்து பார்த்தார். "ஒண்டுதான் கிடக்கு. மிச்சம் எங்கை?"

"கடைக்காரற்றை தகரப் பேணிக்குள்ளை. அதையும் கொண்டுவந்து காட்டட்டோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

முதற் பரிசு ஒரு புதுச் சைக்கிள். சில்லிலும் சட்டத்திலும் சுற்றிய பொலித்தீன் கழற்றாமல், கரியர், ஸ்ராண்ட், டைனமோ எல்லாவற்றோடும் பந்தலுக்குள் நின்றது. அதனருகில் ஒருவர் கரியரைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த மீனவர். கரையை இராணுவம் பிடித்ததால் கிளம்பிப் புதுக்குடியிருப்புப் பக்கம் குடும்பத்தோடு கொட்டில் போட்டிருந்தார். நந்திக்கடலில் வலை போட்டு, விடியற்காலை மைத்துனரின் சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். மைத்துனருக்குச் சைக்கிள் தேவைப்படும் நாட்களில் பெட்டி தலையில் போகும். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் விலை இறங்கிவிடும். அன்றைக்கும் மைத்துனரின் சைக்கிளில்தான் ஓட வந்திருந்தார்.

"ஐயா, இது ரெண்டு பெட்டி தாங்கும்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில். அதற்காகவே வந்திருந்தார். வேறெதற்கும் அல்ல.

ஒட்டுசுட்டானுக்குப் போகும் காட்டுப் பாதையிலேயே அவர் எங்கள் எல்லோரையும் விட்டுப் போய்விட்டார். அவர் போனபின் ஒரு யானை வந்து நடுப்பாதையில் நின்றது. பின்னால் வந்த நாங்கள் நின்றோம். யானை மண்ணள்ளி முதுகில் போட்டது, முதிரை மரக் கொப்பு ஒன்றை முறித்தது, எங்களைப் பார்த்தது, பிறகும் நின்றது. நடுவர் வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஏறத்தாழ இருபது நிமிடம். பதினோராம் விதி இவ்வளவு அழகாக வேலை செய்வதைக் கண்டு, உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

உடையார்கட்டில் திரும்பும்போது என் அகல ரயர்களின் புண்ணியத்தில் நான் இரண்டாவது. வெயில் ஏறியது. ஒற்றைப் பற்சில்லில் ஓடுபவனுக்கு ஓய்வு என்பது இல்லை. இறக்கம் இல்லாத நாட்டில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நிற்கும். செயினுக்கு விட்ட தேங்காயெண்ணெயில் கிறவல் புழுதி ஒட்டி, ஒவ்வொரு மிதிக்கும் நறநறவென்றது. தொடை விறைத்தது. கைப்பிடி உள்ளங்கையைத் தின்றது. ஒட்டுசுட்டான் தாண்டியபின், நேரான காட்டுப் பாதையில் தூரத்தில் மீனவரின் முதுகு தெரிந்தது. அவர் ஓடவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்.

அவருக்கு முன்னால் ஒரு செத்தவீடு போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. சவ ஊர்வலம் எதிரே வந்தால் சைக்கிளால் இறங்கி ஓரமாய் நிற்க வேண்டும். நாம் போகும் திசையிலேயே போனால், அது சுடலைக்குத் திரும்பும்வரை பின்னால் நடக்க வேண்டும். முந்திப் போவதில்லை. மருந்து கிடைக்காமல் காய்ச்சலில் செத்த ஒரு தோட்டக் கூலியின் சவப்பெட்டி அது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நாலு பேர் சுமந்தார்கள். ஒரு பறை. பின்னால் பத்துப் பேர், பெண்களும் கிழவர்களுமாக. பாதையின் இரு பக்கமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை. காட்டுக்குள் இறங்கவும் முடியாது.

நான் இறங்கி மீனவரோடு சேர்ந்து நடந்தேன். "நேரம் போகுதெண்டு யோசிக்காதையும், தம்பி," என்றேன். "விதி இருக்கு. கழிப்பினம்."

"விதி இல்லாட்டியும் இறங்கத்தானே வேணும், ஐயா," என்றார்.

சுமந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் தோள் குடுக்க முடியுங்களா? மாத்த ஆளு இல்லீங்க."

மீனவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, சைக்கிளை என் கையில் தந்துவிட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். நான் ஒரு கையில் அவருடைய சைக்கிளையும் மறு கையில் என்னுடையதையும் உருட்டினேன். இரண்டு சைக்கிளை ஒருவன் உருட்டுவது ஒரு சைக்கிளை இருவர் ஓட்டுவதைவிடக் கடினம். இரண்டும் இரண்டு குழியைத் தேடிப் போகும்.

அப்போதுதான் பின்னாலிருந்து மணி கேட்டது. யானைக்கு எங்களோடு நின்ற ஓர் இளைஞர். பறையை அண்டி, ஊர்வலத்தின் ஓரத்தால் நெளிந்து முன்னேறினார்.

"என்ன பெரியவர், ரெண்டுக்கும் செயின் அறுந்திட்டுதோ?"

பெட்டியோடு போன பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கடைசியாக நடுவர், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளில். அவர் வேகத்தைக் குறைத்தார், எங்களைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு வெள்ளைப் புகையைப் பெட்டியின் மேல் விட்டுவிட்டுப் போய்விட்டார். மணிக்கூட்டைப் பார்த்தாரே, குறித்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

சுடலைப் பாதை பிரியுமிடத்தில், தோள் கேட்ட மனிதர் சொன்னார்: "போதுங்க, ஒங்களுக்கு நேரமாவுது, போங்க." முக்கால் மணித்தியாலம் நடந்திருந்தோம். செத்தவீட்டுக்குப் போனவன் குளித்துவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்க்க வேண்டும். குளிக்காமல் ஏறி மிதித்தோம். அந்த மீறலுக்கு எதிராக ஆட்சேபனை எதுவும் பதிவாகவில்லை.

மீனவர் ஓடிய வேகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. எழுந்து நின்றே மிதித்தார். எனக்குக் கண்ணில் புழுதிதான் மிஞ்சியது. முந்திப் போன எல்லோரையும் பிடித்துவிட்டார், ஒருவரைத் தவிர. மணியடித்த இளைஞருக்குக் கால் மணி பிந்தி மாங்குளம் சேர்ந்தார். கணக்குத் தெரிந்தவர்கள் கழித்துப் பார்க்கலாம்: இளைஞருக்கு யானையின் இருபது நிமிடம், மீனவருக்குச் செத்தவீட்டின் முக்கால் மணி. மீனவரே முதல். நான் வந்து சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் யானை நேரம் மட்டும் கழித்த முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் யானைக்குக் கழித்திருந்தார்கள். நன்றி.

மேசைக்குப் போனேன். "மாஸ்ரர், செத்தவீட்டு நேரம் எங்கை?"

"செத்தவீடு எண்டு விதியிலை இல்லையே, ஐயா."

"யானை எண்டும் இல்லை."

"யானை மறிச்சது. செத்தவீடு ஆரை மறிச்சது? நீங்களாத்தானே இறங்கினனீங்கள். மற்றவை போனவைதானே?"

"போனவைக்குத்தானே பரிசு குடுக்கிறீங்கள். யானை மட்டும் என்ன, கையைக் காட்டி நில்லெண்டு சொன்னதோ?"

"யானைக்குக் கிட்டப் போனால் உயிர் போகும், ஐயா."

"அப்ப உயிருக்குப் பயந்து நிண்டால் மறிப்பு, மரியாதைக்கு நிண்டால் மறிப்பில்லை. அப்பிடியெண்டால் எழுதித் தாங்கோ, பதினைஞ்சாம் விதியாச் சேர்ப்பம்."

"அடுத்த முறை செத்தவீட்டுக்காரரிட்டைச் சொல்லி ஒரு யானையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார் நடுவர். மேசையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குள் தணியவில்லை. மணியடித்த இளைஞரில் எனக்குக் கோபமில்லை. இருபது வயதில் முன்னால் இருப்பது மட்டுந்தான் தெரியும். விதியை வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டு, மணிக்கூட்டையும் பார்த்துவிட்டுப் போன மனிதரில்தான் கோபம். பொருளாதாரத் தடை போட்டு எங்களிடமிருந்து எல்லாவற்றையும் மறித்தவர்கள் இருந்தார்கள்: மருந்தை, மண்ணெண்ணெயை, சைக்கிள் கம்பியை. அவர்களைக் கேட்க எங்களுக்கு இடமில்லை. எங்கள் கையில் இருந்தது இந்தப் பதினான்கு விதிகள் மட்டுமே. அதையாவது நேராக நடத்தியிருக்கலாம்.

அரை மணிக்குள் ஆட்சேபனையைக் கொடுக்க வேண்டும் என்பது பன்னிரண்டாம் விதி. கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன். "மேலை அனுப்புவம்," என்றார் நடுவர். மீனவர் என் தோளைத் தொட்டார்.

"விடுங்கோ ஐயா. மச்சான் சைக்கிளைப் பாத்துக்கொண்டிருப்பான்."

பந்தலுக்குள் பொலித்தீனைக் கிழித்தார்கள். இளைஞர் புதுச் சைக்கிளில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மீனவர் அந்தக் கரியரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைக் கொண்டுபோம்," என்று என் சைக்கிளைக் காட்டினேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெட்டியை எங்கை கட்டுறது, ஐயா? உங்கடை தலையிலையோ?" அந்தச் சட்டத்தில் கரியர் பூட்டவும் இடமில்லை, சந்திக் கடைக்காரரும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

அதன்பின் கழகங்களின் போட்டிக் குழுவுக்கு நினைவூட்டல்கள் எழுதினேன். சண்டை மீண்டும் தொடங்கியது, போட்டியை நடத்தியவர்கள் இடம் மாறினார்கள், நானும் மாறினேன். மாங்குளத்தை விட்டு மல்லாவிக்கும், பிறகு புதுக்குடியிருப்புக்கும் போனேன். ஒவ்வொரு முகவரியிலிருந்தும் ஒரு நினைவூட்டல். இடையில் ஓய்வும் பெற்றேன். அலுவலகம் என்னை விட்டது, நான் கடிதத்தை விடவில்லை. கரை திரும்பக் கிடைத்ததும் மீனவர் முல்லைத்தீவுக்குப் போய்விட்டார். சந்தையில் மட்டும் காண்பேன்.

"இன்னும் எழுதுறீங்களோ ஐயா?" என்பார், மைத்துனரின் சைக்கிளிலிருந்து பெட்டியை இறக்கியபடி. "செத்தவருக்கே இப்ப மறந்திருக்கும்."

கடைசியில் குழுவிடமிருந்து மறுமொழி வந்தது, ஒரே பந்தி. என் விளக்கம் சரியானதே என்று ஏற்கப்பட்டிருந்தது. இனிமேல் மரண ஊர்வலமும் பதினோராம் விதியின் பொருளில் மறிப்பாகக் கொள்ளப்படும். போட்டியாளர் யாவரும் இறங்கி நடக்க வேண்டும். நடுவரும் மோட்டார் சைக்கிளை நிறுத்த வேண்டும். இத்திருத்தம் அடுத்த போட்டியிலிருந்து செல்லுபடியாகும். நடந்து முடிந்த போட்டிகளுக்குப் பொருந்தாது. அடுத்த போட்டி எப்போது என்று அதில் இல்லை. இருக்கவும் முடியாது.

சந்தைக்குப் போய் மீனவருக்கு வாசித்துக் காட்டினேன். மடியிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"அப்ப நாங்கள் வெண்டிட்டம்," என்றார். பிறகு எழுந்துபோய், மைத்துனர் வரமுன் கரியரில் ஒட்டியிருந்த செதிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

கடிதத்தில் திகதி போட மறந்திருந்தார்கள். பெற்ற திகதியைப் பெற்றவர் குறிக்க வேண்டும் என்பது முறை. வலது மேல் மூலையில் குறித்தேன்: 17.08.2001.