லாக் போட்ட ராடு

கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தன் வயிறு வளர்வது தெரியாது. அவன் கண் எந்நேரமும் கீழே கிடக்கிற இரும்பின் மேலேயே இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், கூரைக்குச் சற்றுக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி போட்ட சின்ன கேபின், ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி. அங்கிருந்து பார்த்தால் யாருக்கு உச்சியில் வழுக்கை விழுகிறது, யார் வேலை நேரத்தில் தூணுக்குப் பின்னால் போன் பார்க்கிறான் எல்லாம் தெரியும். என்னை மட்டும் யாரும் பார்க்க முடியாது. இந்தச் சுகத்துக்குப் பழகிய ஆளைக் கொண்டுபோய் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஜிம்மில் நிறுத்தினால் அவன் என்ன ஆவான்?

போக வேண்டி வந்தது ஏணியால். கேபினுக்கு ஏறும் இரும்பு ஏணிக்கு முப்பத்தெட்டுப் படி. போன கோடையில் ஒரு நாள் இருபதாவது படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தொங்கியதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். மறுநாளே ஆலை டாக்டரிடம் அனுப்பினார். தொண்ணூற்றாறு கிலோ. பிரஷரும் எகிறியிருந்தது.

"மூணு மாசம் டைம் தரேன்" என்றார் டாக்டர். "இதே நிலைமையில வந்தீங்கன்னா கிரேன்ல உக்கார சர்டிபிகேட் குடுக்க மாட்டேன். கீழ வேற வேலை போட்டுக்குவாங்க."

கீழே வேற வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பழைய இரும்பு கொட்டும் யார்டு. நான் இறங்கினால் அந்த நாற்காலியில் யார் உட்காருவான் என்பதும் ஆலை முழுவதற்கும் தெரியும். என் சிக்னல்காரன்.

சிக்னல்காரன் என்றால், கீழே நின்று லோடைக் கட்டி, கொக்கியில் மாட்டி, எனக்குக் கை காட்டுகிறவன். உருட்டு மில் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. எல்லாம் கைதான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டமாகச் சுற்றினால் தூக்கு. விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நில். அவனுக்கு முப்பது வயதிருக்கும். ஆறு வருடமாக இருவரும் விரலால்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவன் கிரேன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து இரண்டு வருடமாக இடம் காலியாகும் என்று காத்திருந்தான். காலியாக வேண்டிய இடம் என் நாற்காலி. அதற்காகவே அவன் மேல் எனக்கு ஒரு கடுப்பு. கட்டு லேசாகச் சாய்ந்தாலும் மேலேயிருந்து ஹாரனை விடாமல் அடித்து நாலு பேர் முன்னால் அவனைத் திரும்பக் கட்ட வைப்பேன்.

ஆலைப் பக்கம் இருந்த ஜிம்முக்கு எங்கள் ஆட்கள் போவார்கள் என்று, ஒரு ஸ்டேஷன் தள்ளி கவரப்பேட்டையில் என் வீட்டுப் பக்கமே ஒன்றைப் பிடித்தேன். டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணி ரயிலைப் பிடித்தால் மூன்றரைக்குப் போய்விடலாம். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது என்று ஒரு நப்பாசை.

முதல் நாள் என்ன போட்டுக்கொண்டு போவது என்றே தெரியவில்லை. பாதுகாப்பு வாரத்துக்கு ஆலையில் கொடுத்த மஞ்சள் பனியனை எடுத்து மாட்டினேன். முதுகில் 'கவனம் தேவை' என்று எழுதியிருக்கும். தொப்பை முட்டிக்கொண்டு நின்றது.

வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாயா, லாரிக்குப் பின்னால எழுதுனாப்ல கீது" என்றாள்.

"சிரிக்காத. வேலைக்கு ஆபத்து வந்துக்கினு கீது."

"சிரிக்கலயா. போ. மயக்கம் வந்தா மட்டும் வெக்கப்படாம சொல்லு."

அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

உள்ளே நுழைந்ததும் ஏழெட்டு நானாகத் தெரிந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் பனியன். பக்கவாட்டில் என்னை நானே அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்துக்குப் பின்னால் இரண்டு மடிப்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு எடை தூக்கினார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவேயில்லை. இருந்தும் பார்ப்பதாகவே எனக்குப் பட்டது. அவர்களைத் தாண்டினால்தான் வெளியே போகும் கதவு. வந்து ஐந்தாவது நிமிடமே ஓடிவிடத் தோன்றி, அவர்கள் நடுவில் மறுபடி நடக்க வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

மாஸ்டருக்கு என் மகன் வயது. "அங்கிள், டிரெட்மில்ல மெதுவா நடங்க" என்றான். அங்கிளாம். நடந்தேன். எப்படி நிறுத்துவது என்று அவன் சொல்லாமல் போய்விட்டான். முப்பது டன் கிரேனை ஓட்டுகிறவன் அதை எப்படிப் போய்க் கேட்பது? இருபது நிமிடத்தில் போதும் என்று ஆகிவிட்டது. நாற்பது நிமிடம் நடந்தேன். கடைசியில் கரண்ட் போய்க் காப்பாற்றியது.

இரண்டாவது வாரம் அந்தப் பெரிய சோதனை வந்தது. கண்ணாடியில் கதவு திறப்பதைப் பார்த்தேன். என் சிக்னல்காரன் தோளில் துண்டோடு உள்ளே வந்தான். பெண்டாட்டி பிள்ளையோடு கவரப்பேட்டைக்கே குடிவந்துவிட்டானாம். அது பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, ஓரத்தில் இருந்த மெஷினுக்குப் பின்னால் போய், அது எதற்கென்றே தெரியாமல் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் பார்த்திருப்பான். ஆனால் வந்து பேசவில்லை. அடுத்த நாள் ஆலையிலும் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறான், நான் எவ்வளவு நேரத்தில் மூச்சு வாங்குகிறேன் என்று கணக்கு வைத்து சூப்பர்வைசரிடம் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். ஜிம்மை நிறுத்தினால் டாக்டரிடம் தோற்பேன். போனால் இவன் கண்ணில் படுவேன். 

அவன் முன்னால் மட்டும் வெறும் ராடைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்க மனசு வரவில்லை. மாஸ்டர் எனக்குச் சொன்னது வெறும் ராடு மட்டும்தான். பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, நீளக் கம்பியை நெஞ்சு வரை இறக்கி ஏற்ற வேண்டும். பையன்கள் அதன் இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகளை மாட்டித் தூக்கினார்கள். ஒரு நாள் மாஸ்டர் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து நானும் பக்கத்துக்கு ஒரு தட்டு மாட்டினேன். இரும்பைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லுகிறவன் நான், இது என்ன பிரமாதம் என்று ஒரு திமிர். மாட்டிவிட்டு, தட்டு நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் லாக்கைப் போட்டு இறுக்கினேன். பையன்கள் யாரும் தனியாகப் படுக்கும்போது லாக் போடுவதில்லை. அசட்டைப் பயல்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொக்கிக்கு லாக் விழாமல் ஒரு லோடைக்கூட நான் தூக்கியதில்லை. பதினாறு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது.

நாலு தடவை ஏற்றினேன். ஐந்தாவது தடவை நெஞ்சுக்கு வந்த கம்பி திரும்பப் போகவில்லை.

முக்கினேன். அசையவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்தால் தட்டு வழுக்கிக் கீழே விழுந்துவிடும், தப்பித்துவிடலாம். அதற்காகத்தான் பையன்கள் லாக் போடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாய்த்துப் பார்த்தேன். நான் போட்ட லாக் நன்றாகவே பிடித்திருந்தது. கம்பி நெஞ்சுக்கூட்டில் பதிந்து, மூச்சு மேலும் மேலும் குறைந்துகொண்டு வந்தது. ஸ்பீக்கரில் குத்துப் பாட்டு அலறியது.

கண்ணை மட்டும் திருப்பினேன். பக்கக் கண்ணாடியில் சிக்னல்காரன் தெரிந்தான். எனக்கு முதுகு காட்டிக் கயிற்று மெஷினை இழுத்துக்கொண்டிருந்தான். பத்தடி தூரம். ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் நாளைக்கு ஆலை சிரிக்கும், நாற்காலி அவனுக்குப் போகும். இதை நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அல்லது வெட்கத்தோடுதான் சொல்கிறேன்: நெஞ்சில் இரும்பு ஏறி உட்கார்ந்திருக்கும்போதும் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தேன். யோசித்து முடித்துக் கூப்பிட வாயைத் திறந்தபோது சத்தம் வரவில்லை. காற்றே இல்லை. செத்தோம் என்று பயந்தேன். மகன் முகம் வந்தது.

அப்போது என் வலது கை ஆள்காட்டி விரல் கம்பியை விட்டு எழுந்தது. நான் சொல்லி எழவில்லை. மேலே நீண்டு, சின்ன வட்டமாகச் சுற்றியது. மறுபடி சுற்றியது.

அவன் கயிற்றை அப்படியே விட்டான். இரும்பு டமாலென்று விழுந்தது. கண்ணாடியில் அந்த விரலைப் பார்த்துவிட்டான். வேறு யார் பார்த்திருந்தாலும் கிழவன் ஏதோ விரலை ஆட்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு தாவில் தலைமாட்டுக்கு வந்தான். ஆலையில் லோடைப் பார்ப்பதுபோலவே இடம், வலம் பார்த்துவிட்டு, நடுவில் பிடித்து, ஆட்டம் இல்லாமல் தூக்கித் தாங்கியில் வைத்தான்.

நான் எழுந்து உட்கார்ந்து இருமினேன். கண்ணில் தண்ணீர். இருமலால் வந்த தண்ணீர்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"தண்ணி குடிண்ணா" என்றான். இரண்டு பக்க லாக்கையும் கழற்றி என் பக்கத்தில் வைத்தான். 

அதற்கப்புறம் மூன்று நாள் நான் ஜிம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆலையில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாலாம் நாள் நாஷ்டா நேரத்தில் கேன்டீனில் அவன் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாண்ணா, வரமாட்டேன்ற?"

"உடம்பு சரியில்ல."

"சும்மா பேஜாரு பண்ணாத. டாக்டரு சொன்ன நாளுக்கு இன்னும் ஒன்ற மாசம்தான் கீது. இன்னிக்கு வா. நான் பின்னால நிக்கிறேன்."

அன்றிலிருந்து தினமும் நின்றான். பெஞ்சில் படுத்தால் தலைக்கு மேல் அவன் முகம் தெரியும். நான் வரத் தாமதித்தால் வீட்டு வாசலுக்கே பைக்கில் வந்துவிடுவான். என் வீட்டுக்காரி அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து என்னைப் பற்றிக் குறை சொல்லுவாள். இனி வரவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போயிற்று. கண்ணாடிகளுக்கு நடுவில் மாட்டியதைவிட இது பெரிய மாட்டல். ஒருவன் உன் உயிரை வாங்கவும் இல்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை, தினமும் வந்து நிற்கிறான் என்றால் அவனை எப்படிக் கோபித்துக்கொள்வது? அவன் மேல் இருந்த கடுப்பை வைத்துக்கொள்ள இடமில்லாமல் தவித்தேன்.

ஒரு நாள் ரயில் இறங்கி மேம்பாலத்தடியில் நடக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, நான் எறங்குனா சீட்டு உனக்குத்தானே? இன்னாத்துக்கு எனக்குப் பாடுபட்டுக்கினு கீற?"



"எனக்கும் வேணும்ண்ணா அந்த சீட்டு. வேணாம்னு சொல்லல" என்றான். "ஆனா நீ வெரல காட்டுன. நான் தூக்குனேன். பாதியில எப்டி உட்றது?"

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போனேன். எண்பத்தாறு கிலோ. பிரஷர் அடங்கியிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் காகிதத்தை வாங்கிப் பார்த்து என் முதுகில் தட்டினார். பக்கத்தில் கையுறையோடு நின்ற சிக்னல்காரனைப் பார்த்து, "அண்ணன் பாஸாயிட்டாரு. இன்னும் அஞ்சாறு வருஷத்துக்குக் கிரேனப் பத்திக் கவலையில்ல. நீ கொஞ்சம் பொறுத்துக்கோப்பா" என்றார்.

"சரி சார்" என்றான் அவன். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கையுறையை மாட்டிக்கொண்டு கம்பிக் கட்டுப் பக்கம் போய்விட்டான். என்னைத் தூக்கிவிட்டது யார் என்று சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் நான் கம்பிக்கு அடியில் கிடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

முப்பத்தெட்டுப் படியையும் நிற்காமல் ஏறினேன். கேபின் கதவைச் சாத்திக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்க்க முடியாத இடம். கீழே அவன் கம்பிக் கட்டைச் சங்கிலியால் சுற்றி, கொக்கியில் மாட்டி, லாக் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து அண்ணாந்தான். விரலை நீட்டி வட்டமாகச் சுற்றினான்.

என் கை கைப்பிடிக்குப் போகவில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. விரலை இன்னும் உயர்த்தி மறுபடி சுற்றினான்.

நான் தூக்கினேன்.