ஈரப் பாவாடையும் வெயில் கொடியும்

கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது வேலையில் பாதி, தலைவலி என்று சொல்லிக்கொண்டு வருகிறவளுக்கு உண்மையில் எங்கே தொல்லை என்று கண்டுபிடிப்பதுதான். வாசிக்கிற பெண்களே, நீங்களும் அப்படிச் சில தலைவலிகளைச் சொன்னவர்கள்தானே? இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பார்த்த ஒரு தலைவலியைச் சொல்கிறேன்.

உள்ளே ஒளிந்த சூடு

கொழுந்து பறிக்கும் செல்வராணிக்கு அப்போது ஆறு மாதம். முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, தங்காமல் போய்விட்டது. அதனால் அவள் கிளினிக்குக்கு வரும் நாளில் அவள் அட்டையைத்தான் நான் முதலில் எடுப்பேன். டாக்டர் சிங்களவர், நல்ல மனுஷன். ஏதாவது தொல்லை உண்டா என்று அவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். தலைவலி மட்டும்தான் என்றாள். வாங்குப் பலகையில் உட்காரமுடியாமல் அவள் நெளிந்ததைப் பார்த்தால் தலைவலி மாதிரித் தெரியவில்லை.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள். அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் மாதிரி வெள்ளைபடுதல். வாரக்கணக்காக இருக்கிறதாம். மாமியார் காளியம்மா அதை உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, தினமும் வெந்தயத் தண்ணீர் கொடுத்துவந்திருக்கிறார். நான் சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டு நடுங்கும் ஊரில் சூடா என்று கேட்டேன். கூடவே வந்திருந்த காளியம்மா அசரவில்லை. "வெளிய குளிருனா, சூடு உள்ளுக்குத்தானே மிஸ் போயி ஒளியும்?"

ரெண்டு மூடி கூடுதலாக

டாக்டர் பரிசோதித்தார். பூஞ்சைத் தொற்றுத்தான், கர்ப்ப காலத்தில் பலருக்கும் வருவது என்றார். இரவில் உள்ளே வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்தார். நான் என் பங்குக்கு விளக்கினேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது லேசாக வெள்ளைபடுவது வழக்கம், அதற்குப் பயப்பட வேண்டாம். அரிப்போ நாற்றமோ, சிறுநீர் போகும்போது எரிச்சலோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும். கவனிக்காமல் விட்டால் சில தொற்றுகள் முன்கூட்டியே பிரசவ வலியைக் கொண்டுவரலாம். கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் செத்துவிட்டது. அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை வந்தபோது அந்த இடமெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. மாத்திரை போதாதென்று, வேப்பிலை அவித்த தண்ணீரில் காயம் கழுவும் மருந்தைக் கலந்து காலையும் மாலையும் உள்ளே கழுவியிருக்கிறாள். வெளியே மட்டும், வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே எதுவும் ஊற்றக்கூடாது என்று ஏசினேன். ஏசி முடித்த பிறகு சொன்னாள். "இந்தப் புள்ளையாச்சும் தங்கணும்னுதான் மிஸ், ரெண்டு மூடி கூட ஊத்துனேன்."

புகையில் காய்ந்தவை

ஆறியது. ஆறிய வேகத்திலேயே அரிப்பு திரும்பியும் வந்தது. டாக்டர் மறுபடி மருந்து கொடுத்தார், நான் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே ஒரு கொடி, கொடியில் துவாய், துவாய்க்கு அடியில் ஒளித்துவைத்த உள்ளாடைகள். தொட்டால் பூஞ்சைக்குப் பிடித்த ஈரம், மோந்தால் புகை. கொழுந்து பறிக்கும் மலையிலும் அதே கதைதான். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் பாவாடை நனைந்தால், கொழுந்து நிறுத்து முடியும்வரை அதே ஈரத்தோடு நிற்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது உலர்ந்த துணி மாற்றச் சொன்னேன், சரி என்றார்கள். உள்ளாடையை வாசலில் வெயிலில் போடச் சொன்னதும் காளியம்மா கொதித்துவிட்டார். ஆம்பளைகள் நடக்கும் பாதையாம், மானம் போய்விடுமாம். செல்வராணியின் புருஷன் சந்திரன் ஒரு ஓரமாக விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடரியை வைத்துவிட்டு எழுந்தான். வாசல் தூணிலிருந்து கொய்யா மரம்வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான். "பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும் மிஸ். போன தடவ குழி வெட்டுனது அவங்க இல்ல, நான்தான்."

கயிற்றில் இடமில்லை

உள்ளாடைகள் வெயிலுக்கு வந்தன. தொற்று திரும்பவில்லை. ஏழாம் மாதம் கடந்தது, எட்டும் கடந்தது. மாதம் நிறைந்து, ஆஸ்பத்திரியில், நல்ல எடையோடு பெண் பிள்ளை பிறந்தது. செய்தி கேட்ட அன்று நான் சந்தோஷத்தில் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

பிள்ளையைப் பார்க்க லயத்துக்குப் போனேன். நல்ல வெயில். அந்தக் கயிற்றில் அக்கம்பக்கத்துப் பெண்களின் உள்ளாடைகள் எல்லாம் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. கீழே, பிள்ளையின் ஈரத்துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, லயமே கேட்கிற மாதிரி காளியம்மா கத்திக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கெல்லாம் வெக்க மானம் இல்லையாடி? அடுப்புக்கு மேல போட்டா ஆகாதா? எங்க புள்ள துணிக்கு வெயில்ல எடம் விடுங்கடி!"

இத்தனை வருடம் படித்து, சோதனை எழுதி, மலையேறி இறங்கி நான் இந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு கயிறு, அதிலும் இப்போது இடமில்லை.