வில்ஹெல்மினா திருடிய பூ

வில்ஹெல்மினாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. காப்பி கொதிப்பதற்குள் மூன்று முறை வெளியே போய் ஆற்று மணலைப் பார்த்துவிட்டு வருவாள். அவள் புருஷன் லூக்காஸ் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவன் என்றுதான் நினைத்திருந்தோம். அவனோ ஜூன் மாதம் ஒரு வார்த்தை சொல்லாமல் வால்விஸ் பே துறைமுகத்தில் மீன்பிடிப் படகு ஏறிவிட்டான்.

அன்று மாலையே அவள் தீப்பெட்டியோடு மணல்மேட்டுக்குப் போனாள். தாய் வழியில் வந்த அந்த மேட்டில் நான்கு நாராச் செடிகள், பாலைவன முலாம்பழ ஜாதி. இலையே கிடையாது, எல்லாம் பச்சை முள். மூன்று பெண், ஒன்று ஆண். பெண் செடிதான் காய்க்கும்.

"பூத்து மினுக்குறதத் தவிர உனக்கு என்ன வேல" என்று கேட்டு ஆண் செடியைக் கொளுத்திவிட்டாள். புகை என் வீடு வரை வந்தது.

கோபம் ஆறிய பிறகுதான் அவளுக்குப் புத்தி வந்தது. ஆண் பூவின் தூள் படாமல் பெண் பூ காய்க்காது. காய்க்காவிட்டால் காய்ச்சிக் குடிக்கக் கூழும் இல்லை, விற்க விதையும் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் காய் பிடிக்கவில்லை என்றால் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று டவுனில் இருக்கும் அவள் கூடப்பிறந்த அக்காள் சொல்லியனுப்பினாள். ஒற்றை ஜன்னல் உள்ள அறை. அதில் இவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள், எனக்குத் தெரியும்.

நவம்பரில் என் மேட்டில் காலடித் தடம் கண்டேன். ஊரிலிருந்து அங்கே ஒரு மணி நேர நடை. அடுத்தவர் மேட்டில் விளையாட்டுக்குக்கூட நாங்கள் காய் பறிக்கும் குச்சியை வைப்பதில்லை. நரி என்றால் காயைக் கடித்திருக்கும். காய் அப்படியே இருந்தது, ஆண் பூ மட்டும் குறைந்திருந்தது. மறுநாள் பனிமூட்டம் விலகும் முன்பே போய்க் காத்திருந்தேன்.

வந்தவள் வில்ஹெல்மினா. கையெல்லாம் முள் கீறல்.

"அடியே, யாரு மேட்டுல கை வைக்கிற?"

"பழத்தத் தொடலக்கா. ஆம்பளப் பூதான்."

"அதுவும் என்னோடதுதாண்டி."

"உங்களுக்கு நாலு ஆம்பள இருக்கு. எனக்கு இருந்த ரெண்டும் போச்சு."

"ரெண்டுல ஒண்ணத்தாண்டி நீ கொளுத்துன."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. நானே நாலு பூவைப் பறித்து அவள் துணியில் போட்டேன். அதன் பிறகு தினமும் வந்தாள். வண்டு செய்யும் வேலையை ஓடி ஓடிச் செய்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அக்காள் அனுப்பிய லாரி வந்து ஹாரன் அடித்தது. மூட்டையும் கையுமாக நின்றவள் திடீரென்று மேட்டுக்கு ஓடினாள். நானும் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். முள்ளுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். எலுமிச்சை அளவில் முள்ளுமுள்ளாய்ப் பிஞ்சுகள்.

"முப்பதுக்கு மேல இருக்குக்கா" என்றாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

லாரி காலியாகப் போனது. அவள் பாவாடைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் கையில் திணித்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

மார்ச்சில், கருகிய வேரிலிருந்து பச்சை முள் துளிர்த்தது. ஏப்ரலில் லூக்காஸ் திரும்பி வந்தான். அன்று சாயங்காலமே வில்ஹெல்மினா என் வீட்டுக்கு வந்து தீப்பெட்டியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.