பஸ் நின்ற பிறகும் நிற்காத தலைச்சுற்று

இலங்கை மலைநாட்டுக் கொட்டகலைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வழியைச் சொல்கிறேன், அந்த வழியில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கம், ஏப்ரல் விடுமுறை. கொட்டகலையில் என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் புறப்பட்டோம், நானும் என் கணவரும். இருவருமே ஆசிரியர்கள்.

காலை ஏழு இருபதுக்குக் கினிகத்தேனையில் பஸ். ஹட்டனுக்கு ஏறக்குறைய பதின்மூன்று மைல். நேராக நூறடி கிடையாது. வட்டவளையைத் தாண்டியதும் கணவர் தலை சுற்றுகிறது என்றார். நெஞ்சுவலி எதுவும் இல்லை. கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். இந்த வளைவுல எல்லாருக்கும் இப்பிடித்தாங்க."

"பிள்ளைங்கள டூர் கூட்டிட்டுப் போற வாத்தியாரு இவருதான்!" என்று நானும் கேலி செய்தேன்.

எட்டரைக்கு ஹட்டன். அடுத்த பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம். கொட்டகலை மூன்றே மைல். பெஞ்சில் உட்கார்ந்த கணவரின் சட்டை அந்தக் குளிரிலும் வியர்வையில் நனைந்திருந்தது. "இன்னும் சுத்துது, ஒன்னுமில்ல, பஸ்ஸ விட்றாத" என்றார். பஸ் வந்ததும் நானும் பையைத் தூக்கிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"நீங்க எறங்கி எம்புட்டு நேரமாச்சுங்கம்மா? இன்னும் சுத்துதுன்னா அது வளைவு இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

நான் பையைக் கீழே வைத்தேன். அவளே ஒரு வாடகைக் காரைப் பிடித்து, கூடவே ஏறிக்கொண்டாள். டாக்டர் பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். சிலருக்கு வலியே இல்லாமல், தலைச்சுற்றும் வியர்வையுமாக வருமாம்.

மதியம், பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் எழுந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தாங்க. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு நாந்தான் தேத்தண்ணியக் குடுத்து அனுப்பிவச்சேன். மலைக்குப் போனவரத் தூக்கிட்டுத்தாங்க வந்தாங்க."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் வரிசை; மலை என்பது வேலை நடக்கும் தேயிலைச் சரிவு. பெரட்டு தவறினால் அன்றைக்கு வேலை இல்லை. எனக்கோ விருந்தாளியாகப் போகிற அவசரம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போங்கள். கம்பளிச் சட்டை வேண்டும். இறங்கிய பிறகும் தலை சுற்றினால் அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். வியர்வையும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அதன்பிறகு என் கணவர் பதினெட்டு வருடம் என்னோடு சண்டை போட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.