வாய் திறக்காத ஞாயிறு

பஞ்சர் அக்காவுக்குக் குரல் பெரிது. கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது என்பார். புருஷன் இறந்தபின் டயர் கடையை விற்றுவிடச் சொன்னவர்களிடம், "நட்டுக்கு ஆம்பளைக் கை, பொம்பளைக் கைன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தவர். ஞாயிறு காலையில் நகக்கண்ணில் ஒட்டிய கரியைச் சுரண்டிக்கொண்டே எங்கள் சபைக்கு வருவார். பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பார். இன்று கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பாதிப்பேர் அவரிடம் பத்துக் கட்டளைகளை ஒப்பித்து வளர்ந்தவர்கள்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பாடகர் குழுவிலிருந்த தச்சர் இறந்துபோனார். போதகர் பக்கத்து ஊரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கிய பிறகுதான் அவரிடமிருந்து போன் வந்தது. பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, நாளைக்குத்தான் வர முடியும்.

தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குழி வெட்டியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போனா பெட்டி மிதக்கும்" என்றார்.

எல்லாரும் மூப்பரைப் பார்த்தோம். போதகருக்கு வலதுகை அவர்தான். சட்டைப்பையைத் தடவிவிட்டு, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். மற்ற ஆண்கள் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள். தச்சரின் மனைவி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வாங்க" என்றார்.

அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னே வந்தார். ஆராதனைப் புத்தகத்தைத் திறந்து, அடக்க ஆராதனையை ஒரு வரி விடாமல் வாசித்தார். மழை ஒரு பக்கம், அவர் குரல் ஒரு பக்கம். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு ஜெபித்தார்: "ஆண்டவரே, இவர் செஞ்ச கதவு ஒண்ணுகூட உரசினதில்ல. உம்ம வீட்டுக் கதவும் இவருக்கு உரசாம திறக்கட்டும்." தச்சரின் மகன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான். அக்கா முதல் பிடி மண்ணைப் போட்டார்.

இதில் குற்றம் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாலத்தில் தண்ணீர் வடிந்ததும் போதகர் மூப்பரோடு தச்சர் வீட்டுக்கு வந்தார். தச்சரின் மனைவி இறந்தவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "அடக்கம் முறைப்படி நடக்கலம்மா. நான் கல்லறைக்குப் போய் மறுபடி ஒரு தடவை ஆராதனை நடத்திடறேன்" என்றார் போதகர்.

"அவரு ஒரு தடவைதான் செத்தாரு ஐயா. ஒரு தடவை அடக்கம் பண்ணினதே போதும்." சட்டையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

அந்த வாரமே கமிட்டி அக்காவைக் கூப்பிட்டது. தேநீர் கொண்டுபோனது நான். எங்கள் சபையில் பெண்கள் கமிட்டி அறைக்குள் நுழைய அது ஒன்றுதான் வழி. அக்காவுக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"இது நான் சொல்றதில்லம்மா, வேதம் சொல்லுது. சபையில பெண்கள் பேசாம இருக்கணும்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கார்" என்றார் போதகர். கெட்ட மனிதர் அல்ல. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பார்த்தவர். அதனால்தான் கூடுதலாக வயிறெரிந்தது.

"அதே கொரிந்தியர்லதான ஐயா, மூணு அதிகாரம் முன்னாடி, பொம்பளை ஜெபம் பண்றப்ப தலையை மூடிக்கணும்னு சொல்றார்? வாயே திறக்கக்கூடாதுன்னா தலையை எதுக்கு மூடணும்? அன்னைக்கு நான் மூடித்தான் இருந்தேன்."

"அது வேற சந்தர்ப்பம்."

"அப்ப இதுவும் ஒரு சந்தர்ப்பமா இருக்கலாமில்ல? அந்தச் சபையில அன்னைக்கு என்ன கூச்சலோ, என்ன சண்டையோ. எனக்குச் சாதகமா இருந்தா சந்தர்ப்பம், உங்களுக்குச் சாதகமா இருந்தா கட்டளையா?"

மூப்பர் தொண்டையைச் செருமினார். "பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது தெளிவா இருக்கு. பெண் ஆணுக்கு உபதேசம் பண்ணக்கூடாது."

"உங்க பையனுக்கு நான்தான உபதேசம் பண்ணினேன்?" அக்கா மேஜையின் மறுகோடியைக் காட்டினார். மூப்பரின் மகன் அங்கே உட்கார்ந்து தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "மீசை முளைக்கிற வரைக்கும் என் வாய் வேணும். முளைச்சதும் அதுக்குப் பூட்டா?"

அவன் தலை நிமிரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் நிமிரவில்லை. பத்துக் கட்டளை சொல்லித் தந்தவருக்காக ஒரு வார்த்தை பேச ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை அக்கா வகுப்பெடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அக்கா கேட்கவில்லை. "பிணத்தைத் தண்ணியில விட்டிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குத் தச்சரின் மனைவி வந்தார். துக்க வீட்டிலிருந்து அவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "பேசாம இருக்கச் சொல்றாங்கன்னா இருந்துடுவோமே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. வீடுவீடாகச் செய்தி போயிற்று. அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தனக்காக வேண்டாம் என்று தடுத்திருப்பார்.

ஞாயிறன்று போதகர் முதல் பாட்டைச் சொன்னார். கீபோர்டு ஒலித்தது. பெண்கள் எழுந்து, புத்தகத்தைத் திறந்து, வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஆண்கள் வரிசையிலிருந்து நாலைந்து குரல் எழும்பின. இத்தனை வருடம் எங்கள் குரலுக்குள் ஒளிந்திருந்த குரல்கள், ஆளுக்கொரு சுருதி. இரண்டாவது சரணத்தில் மூப்பர் ஒருவர்தான் மிச்சம், அதுவும் வேறு மெட்டில். பிள்ளைகள் அம்மாக்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டன. சபையார் திருப்பிச் சொல்லும் பதில் ஜெபத்துக்கு 'ஆமென்' சொல்லவும் ஆளில்லை. போதகர் முன்வரிசையைப் பார்த்தார். அவர் மனைவியும் உதட்டை இறுக்கிக்கொண்டு நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சேர்ந்து பாடுங்க" என்றார் போதகர்.

தச்சரின் மகன் எழுந்தான். "நீங்க சொன்னபடிதான் ஐயா இருக்காங்க."

"நான் பாட வேணாம்னு சொல்லலையே. பேசறது வேற, பாடறது வேற."

"பவுல் அப்படிப் பிரிச்சு எழுதலையே ஐயா."

அன்று ஆராதனை சீக்கிரம் முடிந்தது.

அப்படி இன்னொரு ஞாயிறைத் தாங்க அவர்களுக்குத் தெம்பில்லை. கமிட்டி கூடி, பெண்கள் பாடலாம், பதில் ஜெபம் சொல்லலாம், அக்கா மன்னிப்பில்லாமலே பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கலாம் என்றது. பிரசங்க பீடமும் கல்லறையும் கூடாது. ஏற்கெனவே எங்களிடம் இருந்ததைப் பிடுங்கி, அதையே தருமம்போலத் திருப்பித் தந்தார்கள். நாங்கள் பாடினோம். எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? அக்கா வகுப்புக்குத் திரும்பினார். பிள்ளைகள்மேல் அவருக்குக் கோபமில்லை. ஆனால் போதகருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். "கோபம் இன்னும் தணியலையா அக்கா?" என்று கேட்டேன். "எதுக்குத் தணியணும்? அவங்க இன்னும் அதையேதான சொல்றாங்க" என்றார்.

அடுத்து எங்கள் சபையில் இறந்தது பால்கடைக்காரரின் தாயார். போதகர் ஊரில்தான் இருந்தார். முறைப்படி எல்லாவற்றையும் நடத்தினார். முடிந்ததும் இறந்தவரின் மகள் எல்லார் முன்னாலும், "அக்கா, எங்கம்மாவுக்காக நீங்க ஒரு வார்த்தை" என்றாள். போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசல்வரை நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். மூப்பரும் பின்னாலேயே போனார். அவர் மகன் மட்டும் போகவில்லை. தலையைக் குனிந்து எங்களோடு நின்றான்.

அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை கேட்கிற குரலில், அன்றைக்கு வேண்டுமென்றே சற்று நீளமாக ஜெபித்தார்.